தண்ணியில கண்டம்

என் ஜாதகம் எழுதிய நோட்டு அம்மாவின் தகரப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் கிடக்கிறது. அதை நான் பிரித்துப் படித்ததே இல்லை. தேவையும் இருந்ததில்லை. அதில் முக்கியம் என்று அம்மா நினைத்த ஒரே வரியை நாள் தவறாமல் என் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்: "உனக்குத் தண்ணியில கண்டம்."

போடிநாயக்கனூரில் வளரும் பையனுக்கு இது சின்னத் தண்டனை இல்லை. மலையில் மழை பிடித்துக் கொட்டக்குடி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், அணைப்பிள்ளையார் கோயில் தடுப்பணைக்கு ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள். கூட்டாளிகள் பாறையிலிருந்து குதிப்பார்கள். நான் அதே பாறையில் உட்கார்ந்து ஏழெட்டு டவுசர்களுக்குக் காவல் இருப்பேன். தோட்டக் கிணற்றில் மற்றப் பிள்ளைகளுக்கு இடுப்பில் கயிறு கட்டினார்கள், முதுகில் சுரைக்குடுக்கை கட்டினார்கள், லாரி டியூப் மாட்டினார்கள். ஒன்றுக்கும் மசியாதவனைச் சித்தப்பா ஒருவர் கிணற்று மேட்டிலிருந்து தள்ளிவிட்டார். நான்காம் நாள் அவன் நீந்தினான். எனக்கு அப்படித் தள்ளிவிடவும் ஆள் வாய்க்கவில்லை. ஜாதகத்தில் கண்டம் இருக்கிற பிள்ளையை யார் தொடுவார்?

ஆகவே 43 வயதில், தேனியில் ஒரு நீச்சல் குளத்தின் நாலடி ஆழத்தில், விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் என் மார்புக்குத்தான் இருந்தது. பக்கத்துத் தடத்தில் நாலைந்து சுற்று முடித்துவிட்டு வந்த சிறுமி ஒருத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க எப்ப நீந்துவீங்க?"

இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு, குற்றவாளி மலைதான் என்று சொல்லிவிடுகிறேன்.

ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுவது எனக்குத் தொழில். போடியில் வாழ்கிறவனுக்கு மலை என்பது வேலைக்குப் போகிற வழி. விடிவதற்குள் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மேலே கிளம்பும். கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் களை எடுக்க, காய் எடுக்க, ஸ்டோரில் காய் உலர்த்த. மாலை மங்கும்போது அதே ஜீப்புகள் இறங்கும். அங்கே விளைந்த காய் சாக்கு மூட்டைகளில் இங்கே இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் விலை போகும். ஏலக்காயை ஏலம் விடுகிற ஊர் என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்வார்கள். சர்க்கரை எட்டிப் பார்த்த வருடம் டாக்டர் நடக்கச் சொன்னார். நடை ஓட்டமானது. ஓட்டத்தில் முட்டி முனகியதால் ஒரு பழைய கியர் சைக்கிள் வந்து சேர்ந்தது.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் சாலை நிமிர்ந்துவிடும். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். முதல் முறை ஏழாவது வளைவில் இறங்கி உருட்டினேன். எதிரே வந்த ஜீப்பிலிருந்து ஒரு பெண், "அண்ணே, பஞ்சரா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். பஞ்சரானது சைக்கிள் இல்லை. மூன்று மாதம் கழித்து நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன். மெட்டில் மூடுபனி. டீக்கடையில் கண்ணாடிக் கிளாசை இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு நிற்கும்போது, கீழே வெயிலில் காய்கிற ஊர் நம் ஊர்தானா என்று இருக்கும்.

மலை ஆபத்தில்லாதது என்று நான் நினைக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று இரவு ஊரெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் மறக்கவில்லை. ஜீப் கவிழ்ந்து கூலிக்குப் போனவர்கள் செத்த செய்தி வருடந்தோறும் ஏதாவது ஒன்று வருகிறது. ஆனாலும் மறுநாள் விடியலில் ஜீப் கிளம்பும், ஆள் ஏறும். மலையில் கண்டம் என்று எந்த ஜாதகத்திலும் எழுதி நான் பார்த்ததில்லை. பிழைப்பு இருக்கிற இடத்தில் பயத்துக்கு இடம் கொடுக்க முடியாது போலிருக்கிறது.

கோயம்புத்தூரில் படிக்கிற அக்கா மகன்தான் அந்த வார்த்தையைக் கொண்டுவந்தான். "மாமா, ஓடுறீங்க, சைக்கிள் மிதிக்கிறீங்க. நீச்சலும் சேர்த்தா ட்ரையத்லான்."

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்துச் செய்து முடிப்பதுதான் ட்ரையத்லான். உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில், மிஷன் பே என்ற இடத்தில் 46 பேர் கலந்துகொண்டதுதான் நவீன ட்ரையத்லானின் தொடக்கம் என்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு வாக்குவாதம். நீச்சல்காரன், சைக்கிள்காரன், ஓட்டக்காரன் மூவரில் யாருக்கு உடம்பு வலு அதிகம்? ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களையும் ஒரே நாளில் வைத்துவிடலாம் என்றார். 3.8 கி.மீ. கடல் நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவருக்கு உதவிக்கு வந்த ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், ஓட்டத்தின்போது பீர் கொடுத்தார்களாம். அதுதான் அயர்ன்மேன்.

பயந்துவிடாதீர்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்ட தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதி 'ஸ்பிரிண்ட்': 750 மீட்டர், 20, 5. சென்னையிலும் கோவையிலும் என்னைப் போன்ற சம்சாரிகள் இறங்குவது பெரும்பாலும் இதில்தான். மண்டிக் கணக்கனாயிற்றே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தத் தூரத்தில் நீச்சலின் பங்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மூணு சதவீதக் கழிவுக்குப் பயந்து ஒரு சரக்கை யாராவது விடுவார்களா?

ஆனால் அந்த மூன்று சதவீதம் வாசற்படியில் படுத்திருக்கிறது. நீச்சலை முடிக்காமல் சைக்கிளைத் தொட முடியாது. களைத்துச் சோர்ந்த உடம்போடு யாரும் கடைசியில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதால் நீச்சலை முதலில் வைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். எனக்கு மட்டும் அது அம்மாவே வகுத்த விதி மாதிரி இருந்தது.

குளத்தில் முதல் இரண்டு வாரம் நான் கற்றது கடப்பாரை நீச்சல். போட்ட இடத்தில் போய்த் தரையைத் தொடும். கால் நன்றாக அடித்தேன், கை நன்றாக வீசினேன், பத்து மீட்டரில் மூச்சு முட்டி எழுந்து நின்றேன். 17 வளைவு ஏறுகிற நெஞ்சு பத்து மீட்டரில் ஏன் தோற்கிறது? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒரு நாள் என்னைக் கரையேற்றி உட்கார வைத்தார். "அண்ணே, நீங்க மூச்சு இழுக்குறீங்க, இழுக்குறீங்க, இழுத்துக்கிட்டே இருக்கீங்க. எப்ப விடுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் முகம் போனதும் நான் மூச்சைப் பூட்டிவிடுகிறேன். முகத்தை வெளியே எடுக்கிற அந்த ஒரு கணத்தில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். நேரம் போதாமல் பாதி விட்டு, பாதி இழுத்து, அடுத்த முறை அதிலும் பாதி. மூச்சு முட்டுகிறது என்று நமக்குத் தோன்றுவது ஆக்சிஜன் தீர்ந்ததால் இல்லை. வெளியே போகாமல் ரத்தத்தில் சேருகிற கரியமில வாயுதான் மூளையில் மணி அடிக்கிறது. நுரையீரல் நிறையக் காற்றை வைத்துக்கொண்டே 'செத்தேன் செத்தேன்' என்று உடம்பு கத்தும்.

"தண்ணிக்குள்ள ஊதுங்கண்ணே. இழுக்குறது தானா நடக்கும்."

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பாவோடு மலைப்பாதையில் நடந்திருக்கிறேன். முதுகில் மூட்டையோடு ஏறுகிற ஆட்கள் ஏற்றத்தில் ஒவ்வொரு நாலு எட்டுக்கும் 'உஸ்ஸ்' என்று சீட்டி மாதிரி ஊதிக்கொண்டே போவார்கள். களைப்பில் பெருமூச்சு விடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் காலி செய்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் மேலே போகும்போது நானும் அதைத்தான் அறியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். தண்ணீரில் மட்டும் கஞ்சன் பணத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் நீந்தவே இல்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முக்கி, குமிழி விட்டேன். மண்டியில் ஐம்பது லட்சத்துக்குக் கணக்கு எழுதுகிறவன் தண்ணீரில் குமிழி விடுவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. அதற்கடுத்து மல்லாக்க மிதப்பது. காதுக்குள் தண்ணீர் நிறைந்து வெளிச்சத்தம் அடங்கிய அந்த முதல் நிமிடம், நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் என்னைத் தாங்கியது. இரண்டாம் மாதக் கடைசியில் 25 மீட்டர். ஐந்தாம் மாதத்தில் முப்பது நீளம், அதாவது 750 மீட்டர்.

மண்டியில் இதைச் சொன்னபோது, தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நீச்சல் தெரிந்தவர் உங்களில் யார் என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்று தலையாட்ட, மூலையில் சுளகில் புடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி மட்டும் நிமிர்ந்தார். "எனக்குத் தெரியும். கெணத்துல வாளி விழுந்தா வேற யாரு முங்கி எடுக்குறது?" அவர் நீந்தி ஐம்பது வருடம் இருக்கும். குளத்துக்கு வாருங்கள் என்றால் வருவாரா? எந்த உடுப்பில் வருவார்? நீச்சல் குளங்களைக் கட்டுகிறவர்கள் அவரை நினைத்துக் கட்டுவதில்லை.

கடல் இல்லாத எங்கள் தேனி மாவட்டத்துக்குக் கடலோடு ஒரு கணக்கு இருக்கிறது என்பது குளத்துக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. 2019 மார்ச்சில், தேனியைச் சேர்ந்த ஜெய் ஜஸ்வந்த் என்ற 10 வயதுச் சிறுவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. பாக் நீரிணையைச் சுமார் பத்தரை மணி நேரத்தில் நீந்திக் கடந்தான். 1994இல் அதே நீரிணையை 12 வயதில் கடந்த குற்றாலீஸ்வரனுக்கு ஆனது 16 மணி நேரம். 2022இல், சினேகன் என்ற 14 வயது தேனி மாணவன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போய், கரையோடு நிற்காமல் திரும்பியும் நீந்தி வந்தான். இருபது மணி நேரத்துக்குள். குளத்துத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

போடிமெட்டுச் சாலைக்கு முன்பு 49 என்று எண் இருந்தது. கொச்சியில் கிளம்பி, மூணாறு, மெட்டு, போடி, தேனி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி நோக்கிப் போன நெடுஞ்சாலை அது. இப்போது எண் 85, போகிற இடமும் தொண்டி என்று மாறிவிட்டது. ஆனால் நான் சைக்கிளில் மூச்சிரைக்கிற அதே தாரின் மறுமுனையில்தான் அந்தப் பிள்ளைகள் கரையேறினார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த நீரிணையை முதன்முதலாக நீந்திக் கடந்தவரும் தமிழர்தான். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி. 1954இல் வல்வெட்டித்துறையில் இறங்கி 27 மணி நேரம் கழித்துக் கோடியக்கரையில் ஏறினார். 1971இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் போகவும் வரவுமாக நீந்தினார். 51 மணி நேரம். அதே ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் தண்ணீரிலேயே உயிரை விட்டார். வீரக்கதை சொல்லும்போது இந்த வரியை விட்டுவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஏனென்றால் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அமெரிக்க ட்ரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த மரணங்களையும், இதயத் துடிப்பு நின்றுபோன சம்பவங்களையும் மருத்துவர்கள் தொகுத்தார்கள். 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். மூன்று சதவீதத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. குளிர்ந்த தண்ணீர் மேலில் பட்டதும் மூச்சு திடுக்கென்று உள்ளே ஏறும், நெஞ்சு வேகமாக அடிக்கும். முகம் தண்ணீருக்குள் போனதும் அதே நெஞ்சை மெதுவாக்கு என்று வேறொரு கட்டளை வரும். ஒரே எஞ்சினில் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிற மாதிரி. பிரிட்டனில் இதை வெகுகாலம் ஆராய்ந்த மைக் டிப்டன் போன்றவர்கள் சொல்லும் ஆறுதல், முதல் அதிர்ச்சி இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும் என்பது. அதுவரை போராடாமல் மிதந்தால் போதும்.

பயப்படாதே என்று என்னிடம் சொன்னவர்களால் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எத்தனை நிமிடம் என்று சொன்னவர்கள்தான் உதவினார்கள்.

போட்டி கோவைப் பக்கத்தில் ஒரு நீர்நிலையில். சின்னப் போட்டி. விடியற்காலையில் எல்லார் கையிலும் மார்க்கரால் எண் எழுதினார்கள். என் பக்கத்தில் ஒரு வங்கி அதிகாரி, ஒரு பல் டாக்டர், அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். பெரியவர் என் முகத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். "முதல் தடவையா தம்பி? கடைசியா எறங்குங்க. ஓரமாப் போங்க. கயாக் எங்க நிக்குதுன்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க."

புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ட்ரையத்லானில் எந்த நீச்சலும் நீந்தலாம், மல்லாக்க மிதக்கலாம். களைத்தால் நிற்கிற படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதை வைத்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். பிடித்ததற்காக யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.

குளத்துக்கும் திறந்த நீருக்கும் சம்பந்தமே இல்லை. அடியில் கோடு கிடையாது, விளிம்பு கிடையாது. தண்ணீர் பச்சையாக, சொந்தக் கையே முழங்கைக்கு அப்பால் தெரியாமல். நூறு மீட்டர் போயிருப்பேன். யாருடைய காலோ தோளில் பட்டது. ஒரு வாய் தண்ணீர். அவ்வளவுதான், அம்மாவின் குரல் முழுசாகக் கேட்டது. பத்து மாத உழைப்பு பத்து நொடியில் காணாமல் போய், அதே பழைய விளிம்பைக் கை தேடியது. விளிம்பு இல்லை. கயாக் இருந்தது. பிடித்தேன்.

கயாக்கில் இருந்த பையன் எதுவும் கேட்கவில்லை. "மெதுவாண்ணே" என்று மட்டும் சொன்னான். தண்ணீரில் முகத்தை வைத்து ஊதினேன். மறுபடி ஊதினேன். மூட்டைக்காரர்கள் மாதிரி, 'உஸ்ஸ்'. இருபது வரை எண்ணினேனோ நாற்பது வரை எண்ணினேனோ, நெஞ்சு இறங்கியது. கையை விட்டேன். கொஞ்ச தூரம் மல்லாக்க, அப்புறம் குப்புற. ஆறு கை போட்டு ஒரு முறை தலை தூக்கி மஞ்சள் மிதவையைப் பார், மறுபடி ஆறு கை. மிதவையை இன்னும் ஒரு முறை பிடித்தேன், வெட்கமில்லாமல். கரையில் சேறு விரலில் பட்டபோது எனக்குப் பின்னால் மூன்றே பேர்.

சைக்கிளில் எல்லாரையும் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், போடிமெட்டுக்காரன் அல்லவா. சாலை ஒரே சமதரை, எதிர்க்காற்று வேறு. வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை, என் வித்தைக்கு அங்கே வேலையே இல்லை. லட்ச ரூபாய் சைக்கிள்கள் விர்ரென்று தாண்டின. அறுபது வயதுப் பெரியவரும் தாண்டினார், கையை ஆட்டிக்கொண்டே. ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, முடிந்தது.

ஊருக்கு வந்து பதக்கத்தை அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், எடை போடுவதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து சேலைக்கு அடியில் வைத்தார். நோட்டு தெரிந்தது. கேட்காமல் எடுத்தேன். ஊதா மையில், ஜோசியரின் சாய்ந்த எழுத்தில், மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. 'ஜலத்தில் கண்டம், பன்னிரண்டு வயது வரை.'

"அம்மா, பன்னெண்டு வயசு வரைக்கும்தான போட்டிருக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பெட்டியைச் சாத்திப் பூட்டினார். "பதிமூணுல சொல்லியிருந்தா, அன்னைக்கே ஓடியிருப்பயே ஆத்துக்கு."